அஞ்சனி வேண்டாமென்ற மூன்று வீடுகள்

எட்வினா டாப்பின் வீட்டுப் படியேறி வந்தவன் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. அவனுக்குப் பின்னால், டாக்சியின் கதவைக்கூடச் சாத்தாமல் அதன் டிரைவர் ஃபிட்ஸ்ராய் ஓடிவந்தான்.

"மிஸ் எட்வினா! இவரு சம்சாரத்தக் காணோம். காஸ்டாராவுல. காத்துல கரைஞ்ச மாதிரி!"

எட்வினா மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தார். டொபாகோ போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தீவில் காணாமல் போகிற ஆடு முதல் ஆள் வரை அவருடைய வாசலுக்குத்தான் முதலில் வரும். கொண்டுவருகிறவன் பெரும்பாலும் ஃபிட்ஸ்ராய்தான்.

"உக்காருங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க."

அவன் பெயர் தயானந்த் சீபால். டிரினிடாடில், சகுவானஸில் டயர் கடை. மனைவி அஞ்சனியோடு ஒரு வார விடுமுறைக்குக் கப்பலில் வந்திருந்தான்.

"முன்னாடியே ரூம் போடலையா?"

"இல்ல மேடம். நேர்ல பாத்து எடுத்துக்கலாம்னு அவதான் சொன்னா. உனக்குப் புடிச்ச எடத்துலயே தங்குவோம்னு நானும் சொல்லிட்டேன்."

"அங்க ஆரம்பிச்சுது என் தலைவலி," என்றான் ஃபிட்ஸ்ராய். "ஒரு வீடா ரெண்டு வீடா! பாக்கோலெட்டுல ஒரு ராத்திரி. மெத்த கல்லு மாதிரி இருக்காம், வேணாம். மவுன்ட் இர்வின்ல மேட்டு மேல ஒரு பங்களா, கடலே காலடியில கெடக்கும். சமையக்கட்டுல நாத்தமாம், வேணாம். பிளாக் ராக்குல கடக்கரை ஓரமாவே ஒண்ணு. ஒரு ராத்திரி இருந்துட்டு, சத்தம் தாங்கலன்னுட்டாங்க. அங்க என்ன சத்தம்? ஆமை முட்டை போடற சத்தமா? பெட்டிய ஏத்தி எறக்கி என் இடுப்பே போச்சு."

"நாலாவது வீடு?"

"காஸ்டாரா. உள்ள போன வேகத்துலயே 'இதுதான்'ன்னுட்டாங்க."

இன்று காலை தயானந்த் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பெட்டி அப்படியே இருந்தது. செருப்பும் இருந்தது. கைப்பேசி கட்டிலின் நடுவில் கிடந்தது. வீட்டுக்கு வர ஒரே ஒரு சந்துதான். அந்தச் சந்து முனையில் விடிந்ததிலிருந்து ஃபிட்ஸ்ராய் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறான். ரொட்டி வண்டியைத் தவிர எதுவும் அந்த வழியே போகவில்லை.

"நான் ஸ்டேசனுக்கே போவோம்னுதான் சொன்னேன். இவரு போலீசே வேணாம்னுட்டாரு," என்றான் ஃபிட்ஸ்ராய்.

"நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம் மேடம்," என்றான் தயானந்த். "போன வேற வச்சிட்டுப் போயிட்டா. போன் இல்லாம எப்படித் தேடறது? எங்கதான் போயிருப்பாளுங்க?"

துவரையின் தோலைப் பிளந்த விரல் ஒரு கணம் நின்றது. பிறகு உரித்தது.

"அவங்களுக்கு நீச்சல் தெரியுமா, தம்பி?"

தயானந்த் திடுக்கிட்டுப் பார்த்தான். "நீச்சலா? தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

"புள்ளைங்க?"

"இன்னும் இல்ல."

எட்வினா எழுந்து மடியில் விரித்திருந்த துணியை உதறினார். "நீங்க இங்கயே இருங்க. நானும் ஃபிட்ஸ்ராயும் போய்ப் பாத்துட்டு வர்றோம்."

வழி முழுவதும் ஃபிட்ஸ்ராய் பேசிக்கொண்டே வந்தான். "வேற ஆளு, மிஸ் எட்வினா. சந்தேகமே இல்ல. பாவம் அந்த மனுசன். மூணு வீடு மாத்தியும் ஒரு வார்த்த மொகம் சுளிக்கல தெரியுமா? என் பொண்டாட்டி ஒரு கடையில ரெண்டாவது செருப்ப எடுத்தாலே நான் வெளிய போய் நின்னுக்குவேன்."

"நீ சொன்னதுல அதுதான்ப்பா எனக்குப் பயமா இருக்கு," என்றார் எட்வினா.

காஸ்டாரா வீட்டுக்காரம்மா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். "நல்ல பொண்ணும்மா. ஆனா ஒரு தினுசு. படுக்கையப் பாக்கல, பாத்ரூமப் பாக்கல. முன்வாசல்ல நுழைஞ்சு நேரா பின்வாசலுக்குப் போச்சு. 'காலையில படகெல்லாம் இங்க வரைக்கும் வருமா?'ன்னு கேட்டுச்சு. வரும்னேன். எடுத்துக்கறோம்னுடுச்சு."

பின்வாசலைத் திறந்தால் கல் படிகள் நேரே மணலில் இறங்கின. கீழே மீனவர்கள் கரைவலையை இழுத்து முடித்திருந்தார்கள். இரண்டு படகுகள் தண்ணீரின் விளிம்பிலேயே ஆடிக்கொண்டிருந்தன.

எட்வினா படுக்கையறைக்குத் திரும்பி, குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். புதிய காலணி அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. மூடியில் சின்னஞ்சிறு இளஞ்சிவப்புக் காலணியின் படம்.

"இது அஞ்சு வயசுக் கொழந்த போடறது," என்றான் ஃபிட்ஸ்ராய். "இவங்களுக்குத்தான் புள்ள இல்லையே!"

"இல்ல. ஆனா காலணி மட்டும் கெளம்பிப் போயிருக்கு."

மணலில் மூத்த மீனவர் ஒருவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எட்வினா வாயெடுப்பதற்குள் அவர், "நாங்க யாரையும் பாக்கல," என்றார்.

"பாத்தியான்னு நான் கேக்கலயே," என்று எட்வினா அவருக்கு அருகில் உட்கார்ந்தார். "எங்கன்னும் கேக்கப் போறதில்ல. எங்க இருக்காங்களோ அங்கயே இருக்கச் சொல்லு. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் யாரும் வெளிய வரவேணாம்."

அவர் நிமிரவில்லை. "அந்த வெள்ளக் காரு இந்தத் தீவுல சுத்தற வரைக்கும் யாரும் வெளிய வர மாட்டாங்க."

ஃபிட்ஸ்ராய் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ! வாடகைக் காருக்கு மட்டும் போடற ஆர் நம்பர்! பிளாக் ராக்குல மரத்தடியில நின்னுச்சு. நேத்து சாயங்காலம் மேல ரோட்டுலயும் பாத்தேன். யாரோ டூரிஸ்டுன்னுல்ல நெனைச்சேன்!"

எட்வினாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் படியேறும்போது அவர் கை ஃபிட்ஸ்ராயின் தோளைப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் அவர் கார்ப்பரல் யேட்ஸைக் கைப்பேசியில் அழைத்தார். "மோரியாவுல என் சித்தி பொண்ணு வீடு பூட்டிக் கெடக்கு. சாவி சர்ச்சுல இருக்கும். இப்பவே உள்ள போய் உக்காரு. ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போ. ஜீப்ப வெளிய நிறுத்தாத."

வீட்டில் தயானந்த் கூண்டுப் பறவைபோல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தான். அவர்களைக் கண்டதும் ஓடிவந்தான். "கெடைச்சாளா?"

"மோரியாவுல இருக்காங்க தம்பி. சர்ச்சுக்குக் கீழ நீல வீடு. நல்லா இருக்காங்க. கொஞ்சம் கலங்கிப் போயிருக்காங்க, அவ்வளவுதான். சாயங்காலம் நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன். அது வரைக்கும் பொறுமையா இருங்க."

தயானந்த் கண்களைத் துடைத்துக்கொண்டான். நன்றி சொன்னான். "கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்," என்று படியிறங்கிப் போனான்.

எட்வினா மறுபடி துவரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். ஃபிட்ஸ்ராய் எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்தான். சிறிது நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "மிஸ் எட்வினா, தோல கிண்ணத்துல போடறீங்க. பருப்பத் தூக்கி எறியறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஆமா," என்றார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நான் நெனைச்சது தப்பா இருந்தா, ஒரு நல்ல புருசனுக்குப் பொய் சொல்லிருக்கேன். சரியா இருந்தா, அந்த யேட்ஸ் பையனுக்கு ஏதும் ஆகாம இருக்கணும்."

அரை மணி நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். தோள்கள் மெல்ல இறங்கின. "யாருக்கும் அடியில்லயே? சரி. அவன இந்த வழியாவே கூட்டிட்டு வா."

ஜீப் வந்து நின்றபோது தயானந்த் வாசலில்தான் இருந்தான். பின்னால் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்த தடித்த ஆளைப் பார்த்ததும் அவன் உடம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"கதவ ஒதைச்சு ஒடைச்சான், மேடம்," என்றான் யேட்ஸ். அவன் மூச்சு இன்னும் சீராகவில்லை. "கையில வெட்டுக்கத்தி. 'கலோத்தி, வெளிய வாடி'ன்னு ஒரே கத்து. பேரு ரூப்நரைன் சீபால்."

"சீபாலா?" ஃபிட்ஸ்ராய் தயானந்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன்," என்றார் எட்வினா. "இல்லையா தம்பி? உக்காருங்க. நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஜீப்பிலிருந்து அண்ணன் கத்தினான்: "வாயத் தொறக்காதடா!"

"அப்ப நானே சொல்றேன். பொண்டாட்டி கடலோரத்து வீட்டுல காணாமப் போனா, புருசனுக்கு மொதல்ல என்ன பயம் வரும்? முழுகிட்டாளோன்னு வரும். நீங்க ஒரு தடவ கூட கடலப் பத்திப் பேசல. நானாக் கேட்டப்ப முழிச்சீங்க. ஏன்னா அவ முழுகலன்னு உங்களுக்குத் தெரியும். யார்கிட்டயோ போயிருக்கான்னு தெரியும். எங்கன்னுதான் தெரியல. அப்பறம் 'எங்க போயிருப்பாளுங்க'ன்னு வாய் தவறினீங்க. காணாமப் போனது ஒருத்தி. நீங்க தேடறது ஒருத்திக்கு மேல."

"இன்னொரு பொண்ணு... கொழந்த!" என்றான் ஃபிட்ஸ்ராய். "அந்தக் காலணி!"

"கொழந்தையோட ஓடிவந்து இங்க ஒளிஞ்சிருக்கற பொண்ணு. அது யாருன்னு, உங்க அண்ணன் 'வெளிய வாடி'ன்னு கத்தினத யேட்ஸ் சொன்னப்பதான் எனக்கும் தெரிஞ்சுது. ஆனா அவளத் தேடி அலையறது நல்லதுக்கு இல்லன்னு மட்டும் காலையிலயே தெரியும். நல்லதுக்குன்னா போலீஸ் வேணாம்னு சொல்லிருக்க மாட்டீங்க. மூணு வீட்டுக்குப் பெட்டி தூக்கியும் நீங்க சலிச்சுக்கல. பொண்டாட்டி எங்க கூட்டிட்டுப் போறாளோ அங்க போகணும். அதுக்குத்தானே நீங்க வந்ததே?"

தயானந்த் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "கலோத்தி அஞ்சனியோட அக்கா. அண்ணன் சம்சாரம். அண்ணன் சும்மா பேசத்தான் போறேன்னான் மேடம். பேசி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான்."

"அந்தம்மா பக்கத்துலயே இவன் வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவே இருக்கு," என்றான் யேட்ஸ். "இப்பதான் டிரினிடாட்டுக்குப் பேசினேன். போன வருசம் அந்தம்மா கைய ரெண்டு எடத்துல ஒடைச்சிருக்கான்."

"அப்ப அஞ்சனிம்மா வீடு வீடா அக்காவத் தேடினாங்களா?" என்று கேட்டான் ஃபிட்ஸ்ராய்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன். அக்கா இருக்கற எடம் அவளுக்குத் தெரியும்ப்பா. பின்னால யாரோ வர்றதும் தெரிஞ்சு போச்சு. பாக்கோலெட்டுல அலை பெருசு, படகு கரைக்கு வராது. மவுன்ட் இர்வின் மேட்டுலேருந்து கீழ எறங்க வழியில்ல. பிளாக் ராக்குல ஆமையப் பாக்கறவங்க ராவெல்லாம் விளக்கோட நடப்பாங்க, யாரு போனாலும் தெரியும். மெத்த, நாத்தம், சத்தம் எல்லாம் வாய்க்கு வந்த சாக்கு. அவ தங்கறதுக்கு வீடு தேடல. கெளம்பறதுக்கு வீடு தேடினா."

ஜீப் புறப்பட்டுப் போனது. தயானந்த் சாட்சி சொல்ல அதே ஜீப்பில், அண்ணனுக்கு எதிரே, முகம் கொடுக்காமல் உட்கார்ந்து போனான். ஃபிட்ஸ்ராய் செய்தியோடு காஸ்டாராவுக்குப் பறந்தான்.

மறுநாள் காலை அஞ்சனி வந்தாள். ஒல்லியான பெண். கால்களில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு, அளவு பெரியது. அக்காவும் குழந்தையும் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாள். ஃபிட்ஸ்ராய் வைத்த கொக்கோவைக் குடித்தாள். எட்வினா சொன்ன எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மோரியா வீட்டப் பத்தி அவர்கிட்ட சொன்னீங்கல்ல? அவரு உடனே போன் பண்ணாரா? இல்ல, கொஞ்ச நேரம் யோசிச்சாரா?"

ஃபிட்ஸ்ராய் தரையைப் பார்த்தான். எட்வினாவுக்குப் பதில் தெரியும். திண்ணமாகத் தெரியும். ஜன்னல் வழியாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பொய் சொன்னால் இந்தப் பெண் சகுவானஸுக்குத் திரும்பிப் போய்விடக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"கடைசிப் படியில கால் வைக்கறதுக்குள்ள பண்ணிட்டாரும்மா."

அஞ்சனி தலையசைத்தாள். பிறகு விரலிலிருந்த மோதிரத்தைத் திருகினாள். அது வரவில்லை.

"சோப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

எட்வினா எழுந்து அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.