ஒட்டி நின்றது

நாற்காலி அன்று சாயங்காலம் இரண்டிரண்டு முறை கிறீச்சிட்டது. அவள் அசைந்தபோதெல்லாம் அப்படித்தான். இரண்டாவது சத்தம் மட்டும் மெலிதாக, சற்றே பிந்தி, அவள் தோளருகிலிருந்து வந்தது.

ஜன்னலில்லாத அந்தக் கணினி அறையில், குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கும் சூடேறிய மின்கம்பிகளின் வாடைக்கும் நடுவே உட்கார்ந்து, வானத்தில் விண்மீன் மண்டலங்கள் எப்படிக் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன என்று தொலைநோக்கி அளந்து அனுப்பியதில் பிழை களைவதுதான் அவள் வேலை. ஒரு பிழைதான் பெரும்பாடு. ஒளியை வாங்கும் கண்ணாடி இழைகளை மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றோடொன்று இடிக்கும். அதனால் இரண்டு மண்டலங்கள் ஒட்டினாற்போல் நின்றால் கருவி ஒன்றைத்தான் பதியும். மற்றது கணக்கிலேயே வராது. விடுபட்டதை அவள்தான் கூட்டிச் சேர்க்க வேண்டும்.

கணவன் போனில் அழைத்தான்.

“மழை பிடிச்சுக்கிச்சு. குடையோட வாசலுக்கே வந்துடறேன். பக்கத்துல யாரு?”

“யாருமில்லையே. எல்லாரும் போயாச்சு.”

“மூச்சு விடற சத்தம் ரெண்டா கேக்குதே.”

“உங்க காதுல தண்ணி போயிருக்கும்” என்று சிரித்தாள். அவள் நிறுத்திய பிறகும் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

கைப்பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வெளியே போக ஒரே வழி, தூசி நுழையாமலிருக்கக் கட்டிய கண்ணாடிக் கூண்டு. உள்கதவு சாத்தினால்தான் வெளிக்கதவு திறக்கும். அதுவும் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான். நுழைந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. காற்று சீறியது. பிடரியில் சில்லென்று ஏதோ உரசியது.

தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. பதிவுக் குரல் வழக்கமான மரியாதையோடு சொன்னது: “உள்ளே இருவர் இருக்கிறீர்கள். ஒருவர் மட்டும் நிற்கவும்.”

உள்கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் கணவன் வந்து நின்றான், குடையிலிருந்து தண்ணீர் சொட்ட. கையசைத்தான். அவளைப் பார்த்து அல்ல. அவளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்து.

“என்னங்க” என்றாள். வாய்தான் அசைந்தது.

விளக்கு பச்சையானது. கதவு திறந்தது. அவளுக்குக் கால் வரவில்லை. தோளிலிருந்த பை மட்டும் லேசாகி, விலகி, வெளியே போனது. அவளுடைய நீலச் சட்டை. அவளுடைய பின்னல்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“ஒரு கணக்கு இடிச்சுது. சரி பண்ணிட்டேன்” என்றது அவள் குரல்.

கதவு சாத்திக்கொண்டது. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். சத்தமில்லை. கத்தினாள். கண்ணாடியில் மூச்சுக்கூடப் படியவில்லை. அங்கே, அவன் குடையை வெளியே போனவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். அவள் அவன் கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் மழையில் இறங்கினார்கள்.

“உள்ளே யாரும் இல்லை” என்றது பதிவுக் குரல்.

விளக்கு அணைந்தது.