ஸ்டான்லியின் இருமல்

தீவிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகியும் ஸ்டான்லி ஒரு தடவைகூட இருமவில்லை. ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த இருமல் அது. பிரசங்கத்துக்கு நடுவே, சாப்பாட்டுக்கு நடுவே, தூக்கத்தில்கூட 'க்ஹும், க்ஹும்' என்று இரட்டை இரட்டையாக வரும். லோத்குண்டா தெருமுனையில் அவர் திரும்பும்போதே அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆக்னஸ் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். எத்தனை தடவை திட்டியிருப்பாள்! இப்போது அது நின்றுபோன வீட்டில் மின்விசிறி சுற்றுவதும், குக்கர் ஆறுவதும், பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில் போன் பேசுவதும் தனித்தனியாகக் கேட்டன.

"மலைக் காத்து டாடிக்கு ஒத்துக்கிச்சு மம்மி. டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க," என்று போனில் சிரித்தாள் பிளெசி. மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகள். பெற்றோரின் வெள்ளி விழாவுக்கு அந்த எரிமலைத் தீவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

நல்ல காற்றாம். ஆக்னஸுக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தீவின் மலைப் பூங்காவில் பட்டப்பகலில் மேகம் இறங்கியது அவளுக்கல்லவா தெரியும்! கரிபோல் கறுத்த மண், வானம் மறைய வளர்ந்த பைன் மரங்கள், கால் வைத்தால் சத்தமே எழாதபடி மெத்தையாகக் கிடந்த ஊசியிலைகள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஸ்டான்லி போட்டோ எடுக்க மேட்டின்மேல் ஏறினார். இருமல் கேட்டது. தூரத்தில் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட மகளைச் சொல்லச் சொல்வாள். அன்றும் பழக்கதோஷத்தில், "ஏங்க! வாங்க! வீட்டுக்குப் போவோம், வாங்க!" என்றுதான் அந்தக் காட்டைப் பார்த்துக் கத்தினாள். சிவப்பு ஸ்வெட்டர் மேகத்திலிருந்து வெளியே வந்தது. மேட்டிலிருந்து அல்ல, அவளுக்குப் பின்னாலிருந்து. வந்தாரே என்ற சந்தோஷத்தில் அவள் அதை யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மட்டன் குழம்பைத் தாளித்தபோதும் கறிவேப்பிலை வாசம் எழவில்லை. மரப்பிசின் வாசம்தான் வந்தது. சுட்ட மண்ணின் நெடியும் அதில் கலந்திருந்தது. காலையில்தான் பெருக்கியிருந்தாள். அவர் நாற்காலிக்குக் கீழே மறுபடியும் பழுப்பு ஊசியிலைகள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோள் ஏறி இறங்கவில்லை. மூச்சு இல்லை.

ஆக்னஸ் ஓரடி பின்வாங்கினாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இது என் வீடு, நான் எதுக்கு ஒதுங்கணும்? இது இங்கே உட்கார்ந்திருக்கிறது என்றால், அவர் எங்கே?

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்டான்லி!"

அந்தத் தலை அசையவில்லை.

"ஏங்க."

உடனே திரும்பியது. சிரித்தது.

"யாருல நீ?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து அவள் மரியாதையில்லாமல் 'ல' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

"நீதானே கூப்பிட்ட," என்றது, அச்சு அசல் அவர் குரலில். "வாங்க, வீட்டுக்குப் போவோம்னு."

"நான் யாரைக் கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும். உன்னை இல்ல."

அது வாயைத் திறந்து சிரித்தது. வாயிலிருந்து குளிர் வந்தது. குளிரோடு, எங்கோ அடியாழத்திலிருந்து, ஒரு சத்தம்.

க்ஹும். க்ஹும்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறார். ஏசப்பா, உயிரோடு இருக்கிறார்! அது சட்டென்று வாயை மூடப் பார்த்தது. அவள் விடவில்லை. பாய்ந்து இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துப் பிளந்தாள். பற்கள் அவள் விரல்களில் இறங்கின. இறங்கட்டும்.

உள்ளே நாக்கு இல்லை. மேகம் இருந்தது. கறுப்பு மண் இருந்தது. வரிசை வரிசையாகப் பைன் மரங்கள். அவற்றுக்கு நடுவே, கடுகளவு சிவப்பு. முதுகைக் காட்டியபடி, மேட்டின்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"ஸ்டான்லி!" கத்தினாள். "ஸ்டான்லி! ஆக்னஸ் கூப்பிடுறேன்! இந்தப் பக்கம்!"

விரல்களிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

அந்தச் சிவப்பு நின்றது.

அதைச் சுற்றி நின்ற மரங்கள் எல்லாம், மெதுவாக, அவள் பக்கம் திரும்பின.