சாம்பல் தேய்த்த மீன்தொட்டி

ஞானகுமாரி வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாடி பண்ணே?" என்று கத்தினாள்.

மேசைமேல் இருந்த மீன்தொட்டி மோர் ஊற்றிய டம்ளர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அது கண்ணாடித் தொட்டி அல்ல, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். அம்பத்தூர்ப் பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அப்பா செய்துகொடுத்தது.

பக்கத்தில் தோழி நாகவல்லி திருதிருவென விழித்தாள். கையில் சாம்பலும் கந்தல் துணியும்.

"தொட்டி மேல தூசா இருந்துச்சுடி. எங்க ஊட்ல லாந்தர் கண்ணாடிய இப்டித்தான் தேய்ப்பேன். பளபளன்னு ஆவும். இதுவும் கண்ணாடின்னு நென்ச்சேன்."

கரும்பலகையில் 'அறிவியல் கண்காட்சி 1972' என்று எழுதியிருந்தது. இன்னும் அரை மணி நேரம்தான். இக்னேஷியஸ் சித்தப்பா விடியற்காலையில் காசிமேட்டுப் பாறை இடுக்கில் பிடித்த மூன்று வரிமீன்கள் தூக்குவாளிக்குள் வாயை வாயைத் திறந்தன. கூடவே அவர் ரயிலில் கொண்டுவந்த ஒரு குடம் கடல் தண்ணீரும் காத்திருந்தது.

"மீனுங்க தாங்காதுடி, சீக்கிரம்!" என்றாள் ஞானகுமாரி.

அறிவியல் ஆசிரியர் ஜெயபால் பீரோ மேலிருந்து பள்ளிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியை இறக்கினார். இரும்புச் சட்டம், பளிச்சென்ற கண்ணாடி.

"இதுல விடுங்க. எவ்வளவு அழகா தெரியும்!"

ஞானகுமாரி முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த மக்கு மூலையில் காய்ந்து உதிர்ந்தது. சொட்டு, சொட்டு. சாரின் செருப்பு நனைந்தது.

"கீழ வாளி வெச்சுக்கலாம்மா," என்றார் சார்.

"வேணாம் சார். இருக்கறதே ஒரு குடம். ஒழுகிப்போனா இன்னா பண்றது? கொரட்டூர் ஏரில உப்புத்தண்ணி கெடையாதே!"

"வெளுத்த தொட்டில விட்டா மீன் யாருக்கும் தெரியாதேம்மா?"

"பரவால்ல சார். மீனு பொழைக்கட்டும்."

வெளுத்த தொட்டியிலேயே கடல்நீரை ஊற்றி மீன்களை விட்டாள். உள்ளே ஏதோ மஞ்சளாக நெளிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. நாகவல்லி மூலையில் நின்று விம்மினாள். ஞானகுமாரிக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த அழுகையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழாதடி. இங்க வா, நீந்துதுங்க பாரு."

நாகவல்லி தொட்டியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தாள். தலையை எடுத்தபோது, முட்டிய இடம் மட்டும் பளிச்சென்று தெளிந்திருந்தது. அதன் வழியே ஒரு மீன் அவர்களை உற்றுப் பார்த்தது!

"ஏய்! தலைல இன்னா தடவிக்கினு வந்தே?"

"தேங்காண்ணெ. எங்கம்மா தெனம் அரைப்படி கவுத்துடும்."

ஞானகுமாரி நாகவல்லியின் தலையில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துத் தொட்டியின் வெளிப்பக்கம் தடவினாள். வெண்மை மறைந்தது. நாகவல்லியும் தன் தலையை வழித்து வழித்துத் தேய்த்தாள்.

"அட! கீறலுக்குள்ள எண்ணெய் நிறைஞ்சுடுச்சு!" என்றார் சார்.

மணி அடித்தபோது மூன்று மீன்களின் வரிகளையும் எண்ணிவிடலாம் போலிருந்தது.

வாசலில் கூட்டம் நெருக்கியது. தலைமையாசிரியை குனிந்து பார்த்தார்.

"கண்ணாடியா இது?"

"பிளாஸ்டிக் டீச்சர்," என்றாள் நாகவல்லி பெருமையாக. "சாம்பல் ஆவாது. எண்ணெதான் வெக்கணும்."

பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் தலைமுடி காய்ந்து காற்றில் பறந்தது.