வாசலில் விட்ட செருப்பு

மணலில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் அலை வந்து தொடும் இடத்தில் சின்னச் சின்னச் செருப்புகள் ஜோடி ஜோடியாக, கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கிடந்தன. ஹவுசிங் போர்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சோறு தின்னப் போனால் வாசலில் இப்படித்தான் விட்டுவிட்டுப் போகும். ரமாபாயே தன் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழக்கியதுதான். எந்த அத்தை கூப்பிட்டாலும் போகலாம், செருப்பு மட்டும் ஒழுங்காக வெளியே இருக்கணும். வேறு குடும்பமும் வந்திருக்கு போல என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. போன வாரத்து ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மகாபலிபுரம் போகிற ரோட்டில் சுத்தமான பீச் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போனால், ஒரு ஓட்டல் வாட்ச்மேன் விசிலடித்து விரட்டினான். கடல் என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? எம்.கே.பி. நகர் பிள்ளை கால் நனைத்தால் தண்ணி தீட்டாகிவிடுமா? வழியெல்லாம் அவள் திட்டிய திட்டில்தான் புருஷன் டில்லிபாபு யார் யாரையோ விசாரித்து, எண்ணூர் ரோட்டோரம் இந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தான். கடல் அரிப்புக்குக் கொட்டிய பாறைகளுக்கு நடுவே துண்டு மணல். முன்னே இங்கே ஒரு தெருவே இருந்ததாம், கடல் கொண்டுபோய்விட்டதாம். அலை கணுக்காலைத் தாண்டவில்லை. மகள் மாயாவும் மகன் பீம்ராவும் கத்திக் கும்மாளம் போட்டதில் ரமாபாய்க்கே மனசு கொஞ்சம் இளகியது.

"இங்க எவன் வந்து வெரட்டுறான்னு பாக்குறேன்," என்று பாறை மேல் உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் கம்பெனிப் புகையின் நாற்றமும் பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் மீன் வறுபடும் வாசனை மெல்ல மெல்லக் கடலிலிருந்து வந்தது. காற்றோ அவள் முதுகுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. அலை பின்வாங்கும்போதெல்லாம் தட்டு வைக்கும் சத்தம், தண்ணி மொள்ளும் சத்தம், பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தம்.

"யம்மா, அத்த கூப்புட்றாங்க," என்றாள் மாயா.

எந்த அத்தை? திரும்பிப் பார்த்தால் டில்லிபாபு போனை நோண்டிக்கொண்டிருந்தான். ரமாபாய்க்குக் கோபம் தலைக்கேறியது.

"புள்ளைங்கள பாக்காம இன்னாய்யா பண்ணிகினுகீற?"

அவன் ஏதோ சமாளித்தான். இவள் விடவில்லை. போன வாரத்தையும் சேர்த்து இழுத்தாள். மூச்சு வாங்கித் திரும்பினாள்.

பிள்ளைகள் இல்லை.

கணுக்கால் தண்ணி. அதில் எங்கே போகும்? டில்லிபாபு பெயர் சொல்லி அலறிக்கொண்டு பாறைகளுக்குப் பின்னால் ஓடினான். அவள் செருப்புக் காலோடே தண்ணிக்குள் இறங்கினாள்.

அலை பின்வாங்கியது. மணல் விலகிய இடத்தில் ஒரு வீட்டு வாசலின் சிமெண்டுப் படி. அதன் மேல் மாயாவின் சிவப்புச் செருப்பு. பக்கத்தில் பீம்ராவின் நீலச் செருப்பு. எப்போதும் இடம் வலம் மாற்றிப் போடுகிறவன், இன்றைக்குச் சரியாக விட்டிருந்தான்.

"யாருடீ அது? என் புள்ளைங்கள வெளிய வுடு!"

தொண்டை கிழியக் கத்தினாள். படியை உதைத்தாள். கையால் குத்தினாள். விரல் கிழிந்தது.

கீழேயிருந்து ஒரு பெண் குரல். கோபமே இல்லாத குரல்.

"துன்னுகினுகீதுங்கம்மா. உன்ன யாரு இங்க வெரட்டப் போறா? நீயும் உள்ளார வா."

அலை வந்தது. போனது.

படியில் இப்போது மூன்று ஜோடி. மூன்றாவது, வார் அறுந்து அவள் ஊக்கு குத்தி வைத்திருந்தது. ரமாபாய் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். வெறுங்கால். அவள் கழற்றவே இல்லை.