ஃபேன் சத்தத்தில் கேட்காத குரல்

அனகாபுத்தூரில் அந்தச் சந்துக்குள் வண்டி போகாது. முனீர் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, இரண்டு அட்டைப்பெட்டிகளோடு நடந்தான். மேற்குத் தாம்பரத்தில் அவனுக்குக் கம்ப்யூட்டர் கடை. சந்துக்குள் குடியிருக்கும் பாலு கடைக்கு வந்து கேட்டது ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டரில், ப்ராசசர் மேல் சுற்றும் ஃபேன் பயங்கரமாக இரைகிறது. இருப்பதிலேயே சத்தம் குறைந்ததாக ஒன்று மாட்ட வேண்டும்.

காரணத்தையும் பாலு சொல்லியிருந்தான். அவன் அம்மா அஞ்சம்மாளுக்கு ஆஸ்துமா. ஆடி மாதம் ஒரு பகலில், உள்ளறைக் கட்டிலில் மூச்சு முட்டி இறந்துபோனாள். மருமகள் ஜெயஸ்ரீ அப்போது கூடத்தில்தான் இருந்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் செய்வது அவள் வேலை. அத்தை கூப்பிட்டிருந்தால்கூட ஃபேன் இரைச்சலில் கேட்டிருக்காது என்று அழுதாள். பாலு அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபேனைத்தான் திட்டினான்.

அஞ்சம்மாள் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை வீட்டுக்குள் இன்னும் இருந்தது.

காதை நம்பி ஃபேன் விற்றால் பிறகு சண்டை வருகிறது என்று முனீர் சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று வைத்திருந்தான். சீலிங் ஃபேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். ஜன்னலைச் சாத்தினான். முதலில் வீட்டின் சத்தத்தை அளந்தான். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டான். பழைய ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மீட்டரைப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இவ்ளோதானாண்ணா? மனுஷன் பேசினாலே இதவிட ஜாஸ்தி காட்டும். பக்கத்து ரூம்லேந்து கூப்ட்டா நல்லாவே கேக்குமே."

சாதாரணமாகத்தான் சொன்னான்.

பாலு மனைவியைப் பார்த்தான். அத்தை கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுவது அவள் வழக்கம். அது அவனுக்கும் தெரியும்.

"நான் உள்ள போய்க் கூப்பிடறேன்," என்றான் மெதுவாக. "கேக்குதான்னு சொல்லு."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

ஜெயஸ்ரீ நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் அத்தை கூப்பிட்டது கேட்டது. பதிவு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. முடித்துவிட்டு அவள் எழுந்தபோது உள்ளே சத்தமே இல்லை.

ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. தைல வாசனை ஏறியது.

"ஜெயா..."

மெலிந்த குரல். நடுவில் மூச்சு வாங்கியது.

மீட்டரில் எண் குதித்து இறங்கியது. செத்துப்போன அம்மா மாதிரியே பாலு மூச்சு வாங்கிக் கூப்பிடுகிறாரே என்று முனீருக்கு என்னவோ போல் ஆனது.

"கேட்டுச்சாக்கா?"

அவள் தலையை ஆட்டினாள். "இல்ல. ஒண்ணும் கேக்கல."

கதவு திறந்தது. பாலு கண்ணைத் துடைத்தபடி நின்றான்.

"அம்மா தலகாணியப் பாத்ததும் கூப்பிட வாயே வரல முனீரு. இரு, இப்பக் கூப்பிடறேன்."

முனீர் மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டான்.

கொண்டுவந்த இரண்டு ஃபேனையும் ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்த முனீர், கைக்கு வந்த பெட்டியைப் பிரித்தான். செம்பு அடிப்பாகமும் பெரிய இறக்கைகளும் உள்ளது. அதையே மாட்டினான். இனிமேல் எதையும் அளக்க வேண்டாம், இதற்குச் சத்தமே இருக்காது என்று பாலுவிடம் சொல்லிவிட்டு, அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டான். வாசலில் மட்டும் ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினான்.

"எனக்குக் கேட்டுச்சுக்கா."

சாயங்காலம் ஒரு பதிவை அனுப்ப வேண்டியிருந்தது. ஜெயஸ்ரீ உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு அமைதி. தன் விரல்களின் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. டாக்டர் ஏதோ மருந்தின் பெயரை முணுமுணுத்தார். அதைப் பிடிப்பதற்காகப் பதிவைப் பின்னால் ஓட்டினாள். டீ டம்ளரோடு பாலு பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"ஜெயா..."

அதே மெலிந்த குரல்.

"ஒரு நிமிஷம் அத்தே. இத முடிச்சிட்டு வந்துர்றேன்."

யோசிக்காமல், திரும்பாமல், பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

பாலுவின் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து, சூடான டீ தரையில் சொட்டியது.

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"சரி கண்ணு. முடிச்சிட்டே வா. நான் எங்கயும் போகல."