மூன்று பேர் கேட்ட குரல்

அரையாண்டு லீவுக்கு மகள் துர்காதேவி வேப்பம்பட்டிலிருந்து வந்து இறங்கியபோது சாயந்திரம் நாலு மணி. கூடவே என் பேத்தி பூமிகா. ஆறாவது படிக்கிறாள். ஆட்டோ நின்றதும் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, இந்தத் தடவை கையில் போனைப் பிடித்தபடி நேராகக் கொல்லைப்புறம் போய்விட்டாள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே. பின்னால் ஒரு கிணறு, அதற்கப்பால் குட்டை. அதையும் தாண்டினால் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். மார்கழி மாசம், குட்டை நிறைய தண்ணீர்.

பூமிகா கிணற்றுச் சுவரில் போனை வைத்து, "இங்கதான்" என்றாள்.

"இன்னாம்மா இங்கதான்?"

"தவளை சத்தம் தாத்தா. ஊட்ல இருந்தே செய்யற சயின்ஸ் ப்ராஜெக்ட். தெனம் ஆறரைக்கு அஞ்சு நிமிஷம் பதிவு பண்ணி நெட்ல ஏத்தணும். வேற வேற ஊருல இருக்கறவங்க கேட்டுட்டு, இன்னா சத்தம்னு எழுதுவாங்க. கம்பெனி வந்த எடத்துல தவளை மிச்சம் கீதான்னு கண்டுபுடிக்கறாங்க."

"அடுத்தவன் ஊட்டுக் கொல்லையில காது வெச்சுக் கேக்கறவன் நல்லவனா? தவளைதான வேணும், நாலு புடிச்சு பார்சல் கட்டித் தரேன், அனுப்பு."

"போ தாத்தா. மூணு பேர் ஒரே மாதிரி எழுதினாத்தான் ஏத்துப்பாங்க. மனுஷக் குரல் வந்தா அந்தப் பதிவையே தூக்கிடுவாங்க. பத்து நாள் பத்து பதிவு வேணும். அந்த அஞ்சு நிமிஷம் நீ இருமக் கூடாது, சொல்லிட்டேன்."

என் பெண்டாட்டி சின்னப்பொண்ணுக்கு மட்டும் முகம் வாடியது. "வெளக்கு வெக்கற நேரத்துல கெணத்தாண்ட வேணாம் கண்ணு" என்றாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. சின்னப்பொண்ணு எனக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் அவளுடைய அக்கா பச்சையம்மா. அந்தக் கிணற்றடியில்தான் பாம்பு கடித்துச் செத்தாள். தங்கையைக் கட்டியபோது எங்கள் வழக்கப்படி தாலிக்கயிற்றில் இன்னொரு தங்கப் பொட்டும் கோத்தார்கள். அது மூத்தவளுக்கு. அவள் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டால் பொறாமைப்படாமல் ஒதுங்கிப் போவாளாம். நான் இதையெல்லாம் நம்பியவன் இல்லை. பூமிகாவுக்குக் காது குத்தியபோது, செத்தவளுக்குக் கழுத்தில் எதற்கு இடம் என்று சொல்லி, அந்தப் பொட்டை நானே அறுத்து எடுத்து ஆசாரியிடம் கொடுத்துக் கம்மல் பண்ணிவிட்டேன். சின்னப்பொண்ணு மூன்று நாள் சாப்பிடவில்லை. பூமிகா காதில் இன்றைக்கும் அந்தக் கம்மல்தான்.

முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பூமிகா போனைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு அடுக்களைப் படியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருவாள். மறுநாள் யாரோ எழுதியதைப் படித்துச் சிரிப்பாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ரோலிங் மில்லில் பார்த்த கூத்தையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்பாள். இப்போது அவள் காது முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களுக்கு.

எனக்கு வயிறு எரிந்தது.

நாலாம் நாள் ஆறரைக்கு விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தப் பதிவைத் தூக்கிப் போடட்டும் என்றுதான் இருமினேன். இரண்டு இருமல். யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"தூக்கிட்டாங்க தாத்தா. ஆம்பள இருமல்னு மூணு பேரும் எழுதிக்கினு கீறாங்க. நீதான?"

"கம்பெனிக்காரன் எவனாச்சும் இருமியிருப்பான்."

"அப்ப அந்தப் பொம்பள யாரு?"

"எந்தப் பொம்பள?"

"பொம்பள குரல்னும் மூணு பேரும் எழுதிக்கினு கீறாங்க."

போனை என் காதில் வைத்தாள். தவளைகள் கத்தின. தூரத்தில் ஒரு ரயில். என் இருமல். அப்புறம், போனுக்கு வெகு அருகில், மெல்ல ஒரு குரல்.

"ம். தொறந்துதான் கீது."

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். அதேதான்.

அந்தக் காலத்தில் மில் ஷிப்ட் முடிந்து வந்தால் நான் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவேன். உள்ளேயிருந்து பச்சையம்மா இதையேதான் சொல்வாள். சின்னப்பொண்ணு ஒருநாளும் சொன்னதில்லை. எழுந்து வந்து கதவைத் திறப்பாள், அவ்வளவுதான்.

அப்படியானால் அவளைக் கூப்பிட்டது நான்.

அன்றைக்கு யாரும் இருமவில்லை. நானே காவலுக்கு நின்றேன். ஆனாலும் அடுத்த நாள் மூன்று பேரும் எழுதியிருந்தார்கள்: பொம்பளை குரல். இந்தத் தடவை ஒரே வார்த்தைதான்.

"குடு."

"போனை உள்ள வையிடி" என்று துர்கா அதட்டினாள். பூமிகா கேட்கவில்லை. இன்னும் ஏழு பதிவு பாக்கி என்று அடம்பிடித்தாள். காது வலிக்குது பாட்டி என்று சின்னப்பொண்ணிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஆறாம் நாள். ஆறரை மணி.

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன. ஒன்றுகூட இல்லை. குட்டைப் பக்கமிருந்து ஈரச் சேறும் பழைய மஞ்சளும் கலந்த வாசனை வந்தது.

அடுக்களைப் படியில் பிள்ளை இல்லை.

கிணற்றடியில் நின்றிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காதைப் பிடித்து யாரோ இழுக்கிற மாதிரி, நுனிக்காலில்.

கைகள் இரண்டும் கீழே தொங்கின.

காதில் கம்மல் திருகு தானாகச் சுற்றியது.

நான் கத்தினேனா என்று தெரியாது. சின்னப்பொண்ணுதான் ஓடினாள். பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்து, இரண்டு கம்மலையும் கழற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்தாள்.

"எடுத்துக்கோக்கா. உன்னுதுதான். இவரு பண்ண தப்புக்குப் புள்ள இன்னா பண்ணுவா? உட்டுடுக்கா."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு தவளை கத்தியது. அப்புறம் எல்லாமே கத்தின.

விடிந்ததும் கம்மலை எடுத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்கு நானே நடந்தேன். உருக்கிப் பழையபடி பொட்டாக்கி, என் கையாலேயே சின்னப்பொண்ணு கயிற்றில் கோத்தேன். அன்றைக்கே துர்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேப்பம்பட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் பூமிகா போன் பண்ணினாள். குரலில் ஒரே சந்தோஷம்.

"தாத்தா, மிச்சத்த எங்க ஊட்டு பால்கனியில இருந்தே பதிவு பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் மூணு பேரும் தவளைன்னுதான் எழுதிக்கினு கீறாங்க. வேற ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட் வந்துடுச்சு!"

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. எதிரே சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். அவள் கயிற்றில் இரண்டு பொட்டும் இருந்தன. நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"காது வலி?"

"அதெல்லாம் எப்பவோ போச்சு. நீ மில்லு கத சொல்லு தாத்தா, கேட்டு எத்தினி நாளாச்சு!"

பேச வாயெடுத்தேன். இருமல் வந்துவிட்டது. இரண்டு இருமல்.

பிறகு பூமிகா, அவசரமே இல்லாமல், மெல்லச் சொன்னாள்.

"ம். தொறந்துதான் கீது."