நினைவியில் இல்லாத பேச்சு

பேச்சு மணி தொடங்கிவிட்டது. குழுவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேசை நடுவில் இருந்த செவி, ஒரு கூழாங்கல் அளவே உள்ள கருவி, மங்கலாக ஒளிர்ந்தபடி காத்திருந்தது.

"யாராவது ஆரம்பிங்க," என்றான் குழுத் தலைவன் பார்கவ். "எதுவா இருந்தாலும் சரி. புதுசா இருக்கணும், அவ்வளவுதான்."

யாரோ மெட்ரோ வேலையால் சாலையில் வண்டி நகரவில்லை என்றார்கள். செவி நிறம் மாறவில்லை. அது அதற்கு ஏற்கெனவே தெரியும். இன்னொருவர் கேன்டீன் சாம்பாரைப் பற்றிச் சொன்னார். அதுவும் தெரியும்.

உமையாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். இந்தக் கருவியை மேசைக்கு மேசை வைக்க ஏற்பாடு செய்தவள் அவள்தான். சோழிங்கநல்லூரில் இருந்த அவர்கள் நிறுவனம் நினைவி என்னும் தேடல் மென்பொருளைச் செய்து விற்றது. ஓர் அலுவலகத்தில் எழுதியது, செவி இருக்கும் இடத்தில் பேசியது எல்லாம் நினைவிக்குள் போகும்; எவர் எதைக் கேட்டாலும் அந்த நொடியே எடுத்துக் கொடுக்கும். அதன் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் உமையாள்தான் பொறுப்பு. எந்தப் பதிப்பையும் முதலில் தங்கள் அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்ப்பார்கள்.

சிக்கல் மெதுவாக வந்தது. நினைவியைக் கேட்டால் போதும் என்று ஆனதும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்கும் பழக்கம் நின்றுபோனது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் நினைவிக்குப் புதிதாக எதுவும் போகவில்லை. போன வருடத்துப் பதில்களையே அது அரைத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அதற்கு மருந்தாக நிர்வாகம் கண்டுபிடித்ததுதான் பேச்சு மணி. புதிதாக ஏதாவது பேசினால் செவி பச்சையாகும். பேசியவர் பெயரில் புதுமைக் குறி ஏறும். வருடாந்திர மதிப்பீட்டில் அதையும் பார்ப்பார்கள்.

"செல்வின், உங்களுக்கு இந்த மாசம் ஒண்ணுமே ஏறல," என்றான் பார்கவ். அதட்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கும் மேலே ஒருவர் இதையே சொல்லியிருக்க வேண்டும்.

செல்வின் உமையாளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன். நாகர்கோவில்காரன், அதிகம் பேசாதவன். நினைவியின் பழைய பகுதிகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்க அக்கா போன மாசம் இறந்துட்டா. அவதான் என்ன வளத்தா. ரெண்டு நாள் லீவு போட்டேன்லா, அது அதுக்குத்தான். யார்ட்டயும் சொல்லல."

செவி பச்சையானது. அந்த அறையில் அப்படி ஒரு பச்சையை யாரும் பார்த்ததில்லை. சிலர் அவனைப் பார்ப்பதற்கு முன்னால் செவியைப் பார்த்தார்கள்.

"தேங்க்ஸ் செல்வின்," என்றான் பார்கவ் தணிந்த குரலில். "இந்த மாதிரி மனசு விட்டுப் பேசறதுதான் நம்ம கல்ச்சர்."

அடுத்த நாளிலிருந்து பேச்சு மணியில் தயக்கம் இருக்கவில்லை. ஒருத்தி தன் விவாகரத்தைச் சொன்னாள். ஒருவர் தம்பியின் குடியைச் சொன்னார். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் இல்லாத சித்தப்பாக்களைச் சாகடித்தார்கள். செவிக்கு உண்மை பொய் தெரியாது. புதிதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். நினைவியின் பதில்கள் செழித்தன.

அந்த வாரக் கடைசியில் செல்வின் உமையாளின் பக்கம் நாற்காலியைத் திருப்பினான்.

"மேடம், ஒரு உதவி வேணும். யாரு என் பேரத் தேடினாலும் முதல்ல அக்கா சாவுதான் வருது. நேத்து புனே ஆபீஸ்ல ஒருத்தர் சர்வர் விஷயமா என்னத் தேடிருக்காரு. போன்ல எடுத்த உடனே துக்கம் விசாரிக்காரு. யாருன்னே தெரியாது. அத எடுத்துற முடியுமா?"

"அழிக்கிற வசதியே இல்லையே செல்வின்."

"இருந்துச்சே."

"நான்தான் எடுத்தேன். ஆளாளுக்கு அவங்கவங்க தப்ப அழிச்சிட்டாங்க. பதில நம்ப முடியாம போச்சு." சற்று நிறுத்தி, "நாளைக்குப் புதுப் பதிப்பு போகுது. பார்கவ்கிட்ட கேட்டுப் பாக்கறேன். அவர் சரின்னா இது ஒண்ண மட்டும் தனியா வெளிய எடுத்துடலாம்," என்றாள்.

பார்கவ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா புதுப் பதிப்ப வாங்க வர்றவங்களுக்கு டெமோவா காட்டறதே செல்வின் பேசின அதைத்தான். சிங்கப்பூர்ல ஏற்கெனவே காட்டிட்டாங்க. மேல கேட்டேன்னா, எதுக்கு அழிக்கணும்னு என்னத்தான் கேப்பாங்க."

சண்டை போட்டிருக்கலாம் என்று திரும்பி நடக்கும்போது அவளுக்குத் தோன்றியது. முன்பெல்லாம் போட்டிருக்கிறாள். இப்போது சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

செல்வின் இடத்தில் இல்லை; தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அவன் வந்ததும் முடியாது என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்லிவிட்டு எப்படி உட்காருவது? இத்தனை நாளில் அவனிடம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் நினைவியைத் திறந்து, "உடன் வேலை செய்பவருக்கு அக்கா இறந்துவிட்டார். என்ன சொல்லலாம்?" என்று தட்டினாள். ஒரே ஒரு வரி வந்தது. நல்ல வரியாக இருந்தது. அதை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

செல்வின் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான்.

"முடியாதுன்னுட்டார் செல்வின். ஸாரி."

"தெரியும் மேடம். கேட்டதே பெருசு."

"சாவு வீட்டுக்கு வந்தவங்கல்லாம் போன பிறகுதான் சாவு உள்ள வரும்," என்றாள் உமையாள். "அப்ப எனக்கு போன் பண்ணுங்க. எந்நேரமானாலும் எடுப்பேன்."

செல்வின் பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

"இது நான் சொன்னது."

"என்னது?"

"உங்க அப்பா தவறினப்ப. காரைக்குடி போய்ட்டு வந்து இதே சீட்ல உக்காந்திருந்தீங்க. நான் உங்கள்ட்ட சொன்னேன், இதே வார்த்த."

உமையாளுக்குக் காது மடல்கள் சூடாயின. அப்பா போனது நினைவிருந்தது. திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தது நினைவிருந்தது. இவன் சொன்னது மட்டும் நினைவில் இல்லை.

"பரவால்ல," என்றான் அவன். "நல்ல வார்த்ததான். நீங்க கூப்பிடவும் செஞ்சீங்க, அடுத்த வாரம். ரொம்ப நேரம் பேசினீங்க. அப்பாவப் பத்தி. கடைசியில சிரிச்சீங்க கூட. அது ஞாபகம் இருக்கா?"

இருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். தேடினாள். தேடியது தலைக்குள் அல்ல. விரல்கள் விசைப்பலகைக்குப் போய்விட்டிருந்தன. "அப்பாவைப் பற்றி நான் செல்வினுடன் போனில் பேசியது." திரை வெறுமையாக இருந்து, பிறகு சொன்னது: பதிவு இல்லை.

"வீட்லேருந்து கூப்பிட்டீங்க," என்றான் செல்வின் திரையைப் பார்த்தபடி. "அங்க செவி இல்லல்லா."

அவள் திரையை அணைத்தாள்.

"என்ன பேசினேன் செல்வின்? எதுக்குச் சிரிச்சேன்? சொல்லுங்க."

செல்வின் வாயைத் திறந்தான். இரண்டு மேசைகளுக்கும் நடுவே இருந்த செவி மெல்ல ஒளி கூட்டியது. அவன் அதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"இங்க வேண்டாம் மேடம்."

"கீழ டீக்கடைக்குப் போலாமா?"

"அங்கயும் வெச்சாச்சு. போன பதிப்புல."

வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யார் என்று அவன் சொல்லவில்லை. இருவரும் அவரவர் திரைக்குத் திரும்பினார்கள். மறுநாள் போக வேண்டிய பதிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. உமையாள் வேலையைத் தொடங்கினாள். அப்பாவைப் பற்றி ஏதோ ஒன்றுக்குத் தான் சிரித்திருக்கிறாள் என்பது மட்டும் இப்போது அவளுக்குத் தெரியும்.